மறதி கண்ட அப்பாவை எங்கே வைத்துப் பார்ப்பது? சேலம் வீடு, பிள்ளை வீடு, ஏற்காடு, இல்லம்

வாசகர்கள் பலர் கேட்டுவிட்ட கேள்வி இது. விவரம் வீட்டுக்கு வீடு மாறும், சாரம் ஒன்றுதான். அப்பாவும் அம்மாவும் சேலத்தில், அஸ்தம்பட்டியிலோ குகைப் பகுதியிலோ, சொந்த வீட்டில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு 75 தாண்டிவிட்டது. கட்டின கரண்ட் பில்லை மறுபடி கட்டப் போய் நிற்கிறார். சின்னக்கடை வீதிக்குப் போனவருக்கு வீடு திரும்ப எந்த பஸ் என்று தெரியவில்லை. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும். "எங்களோடு கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா? ஆள் போட்டு அங்கேயே வைக்கலாமா? ஏற்காட்டில் ஒரு வீடு சும்மாதான் கிடக்கிறது, அங்கே விட்டால் நிம்மதியாக இருப்பாரா? இல்லை, ஏதாவது..." இல்லம் என்ற சொல்லை மட்டும் யாரும் முழுதாக வாய்விட்டுச் சொல்வதில்லை.

நான் மருத்துவர் இல்லை. எங்கள் வீட்டில் மாமியாரைப் பார்த்துக்கொண்டது, உறவிலும் தெருவிலும் கண்டது, இதற்காகத் தேடிப் படித்தது, இவற்றை வைத்து எழுதுகிறேன். நாலு வழிகளையும் சமமாக நிறுத்தி "உங்கள் இஷ்டம்" என்று நழுவும் எண்ணம் இல்லை.

## வீடு மாற்றும் முன் ரத்தப் பரிசோதனை

மறதி என்றதும் அல்சைமர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பி12 குறைவு, தைராய்டு சுரப்பு குறைவு, ரத்தத்தில் சோடியம் இறங்குவது, மனச்சோர்வு எல்லாமே யோசனையைக் கலக்கும். எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு. பாத்ரூமில் வழுக்கித் தலையில் லேசாக அடிபட்டு, சில வாரம் கழித்து மூளை உறைக்கடியில் ரத்தம் கட்டி நிற்பதும் உண்டு. சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும், அறுவை செய்து எடுத்துவிடலாம். அப்புறம் மாத்திரைகள். தூக்க மாத்திரை, அரிப்புக்குப் போடும் சில மாத்திரைகள், சிறுநீர் அடக்க முடியாததற்குத் தரும் சில மாத்திரைகள் வயதானவர்களைக் குழப்பத்தில் தள்ளும். வீட்டில் இருக்கும் அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். காதையும் கண்ணையும் சோதியுங்கள். பாதி கேட்டவர் பாதிதான் நினைவில் வைப்பார். கேட்கும் திறன் குறைவது மறதி நோய்க்கே வழிவிடும் காரணங்களில் ஒன்று என்று 2024-ல் வந்த லான்செட் ஆணைய அறிக்கையும் சொல்கிறது.

இரண்டு நாளில் திடீரென்று ஆள் மாறிவிட்டார், பகலில் தூங்குகிறார், இரவில் இல்லாததைப் பார்த்துப் பேசுகிறார் என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ சர்க்கரை இறங்கியதோ இருக்கலாம். சேலத்தில் தனியார் நரம்பியல் மருத்துவர்களுக்குக் குறைவில்லை; செலவு கட்டுப்படி ஆகாதென்றால் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

வயதாக ஆக யோசிக்கும் வேகம் குறைவது எல்லோருக்கும் நடப்பது. பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடும், அரை மணி கழித்து வரும். அதற்காக வீடு மாற்ற வேண்டியதில்லை. நாற்பது வருடம் நடந்த தெருவில் திரும்பும் இடம் தெரியாமல் நிற்பதும், எப்போதும் மனக்கணக்காகப் போட்ட மளிகைப் பாக்கியைக் கூட்டத் தெரியாமல் விழிப்பதும் வேறு சங்கதி. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, இந்த இரண்டாம் வகை, அதாவது டிமென்ஷியா எனப்படும் மறதி நோய், இருப்பதாக 2023-ல் வெளிவந்த ஒரு தேசிய அளவிலான ஆய்வு கணக்கிட்டது.

## புது இடம் ஏன் இவ்வளவு கஷ்டம்

மூளையில் ஹிப்போகேம்பஸ் என்று ஒரு பகுதி, காதுக்கு நேர் உள்ளே, இரண்டு பக்கமும். புதிதாக நடந்ததை நினைவாக்குவது அதன் வேலை. இடத்தின் வரைபடத்தை வைத்திருப்பதும் அதே பகுதிதான். ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் மட்டும் துடிக்கும் செல்கள் அங்கே இருப்பதை 1971-ல் ஜான் ஓ'கீஃப் எலிகளிடம் கண்டார். அதை ஒட்டிய என்டோரைனல் புறணியில், நடக்கும் தளத்தைக் கட்டம் கட்டமாக அளக்கும் செல்களை 2005-ல் மோசர் தம்பதி கண்டார்கள். மூவருக்கும் 2014-ல் நோபல் கிடைத்தது. அல்சைமர் முதலில் அரிக்கத் தொடங்குவது இந்த இரண்டு பகுதிகளைத்தான்.

ஆக, புதிதாக ஒரு வீட்டைக் கற்றுக்கொள்வதற்கு எது வேண்டுமோ அதுதான் முதலில் போகிறது. பழைய வீடு அப்படியில்லை. இருட்டில் எழுந்தால் இடது கை சுவரைத் தொடும், நாலு எட்டில் கழிவறை. அது கைகாலில் ஊறியது, சீக்கிரம் போகாது. எங்கள் உறவில் ஒரு பெரியவர், குகையில் வெண்பட்டு வேட்டி நெய்தவர். பேரன் பெயர் போய்விட்டது. இழை அறுந்தால் கை தானாகப் போய் முடிச்சுப் போடும். கூலிக் கணக்கு மட்டும் சொல்ல வராது.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள். ஒன்று, அந்த இடம் அவருக்கு எவ்வளவு பழக்கம். இரண்டு, இரவு இரண்டு மணிக்கு எழுந்து வாசலுக்குப் போனால் யார் விழித்திருப்பார்கள். மூன்று, பகலில் வீட்டில் யார். நாலு, பக்கவாதமோ விழுந்து இடுப்பு எலும்பு முறிவோ என்றால் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம். ஐந்து, பார்த்துக்கொள்பவரின் உடம்பு எத்தனை வருடம் தாங்கும். இது மாதக்கணக்கில் முடிகிற நோய் இல்லை, வருடக்கணக்கு.

பணத்தைத் தனிக் கேள்வியாக வைக்கவில்லை. நாலு வழியிலும் அது ஒளிந்திருக்கும் இடம் வேறு வேறு, அங்கங்கே சொல்கிறேன்.

## சேலத்திலேயே, ஆள் போட்டு

முதல் கேள்விக்கு இந்த வழிதான் முழு மதிப்பெண் வாங்கும். வீடு பழக்கம், தெரு பழக்கம், பால்காரர் பழக்கம். செவ்வாய்ப்பேட்டையில் அவர் வழி தப்பினால் "ஐயா, இப்படி எங்க போறீங்க, வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டி வர யாராவது இருப்பார்கள். ஆனால் தெருவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நம் வீடுகளில் இதை மூடி மறைக்கிறார்கள். பேத்தி கல்யாணம் கெட்டுவிடுமாம். மளிகைக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, மருந்துக்கடை, பக்கத்து வீடு, நாலு இடத்தில் சொல்லி உங்கள் போன் நம்பரைக் கொடுத்து வையுங்கள். சட்டைப்பையில் ஒரு சீட்டு. இதற்குக் காசு செலவில்லை.

செலவு வேறு இடத்தில் இருக்கிறது. ஏஜென்சி சொல்லும் மாதத் தொகை பன்னிரண்டு மணி நேரத்துக்கா, இருபத்துநாலு மணி நேரத்துக்கா என்று முதலிலேயே கேளுங்கள். தங்கி வேலை செய்பவர் என்றாலும் இரவு முழுக்க விழித்திருக்க மாட்டார். இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அவருக்குச் சாப்பாடு, தீபாவளி பொங்கலுக்கு ஊருக்குப் போனால் மாற்று ஆள், ஏஜென்சிக் கமிஷன், முன்பணம், எல்லாம் சேர்ந்தால் சொன்ன தொகை எங்கோ போய் நிற்கும். ஆள் அடிக்கடி மாறுவார். ஒவ்வொரு புது முகமும் அப்பாவுக்கு வீட்டுக்குள் நுழைந்த அந்நியர்.

"மோதிரத்தை அவள்தான் எடுத்துட்டா" என்பது ஒருநாள் கண்டிப்பாக வரும். வைத்த இடம் மறந்து, எடுத்தது யார் என்று பிறர் மேல் சந்தேகப்படுவது இந்த நோயின் போக்கு. எங்கள் மாமியார் அரிசி டப்பாவுக்குள் வளையலை வைத்துவிட்டு வேலைக்கு வந்த பெண்ணை விரட்டியடித்தார். நகையை முதல் நாளே லாக்கருக்கு அனுப்பிவிட்டால் உண்மையாகவே திருடு போகாது என்பதோடு, வேலைக்கு வருபவரும் பழியில்லாமல் இருப்பார்.

பெரிய மறைமுகச் செலவு அம்மா. "அம்மா இருக்காங்களே" என்று பிள்ளைகள் நிம்மதியாக இருப்பார்கள். அந்த அம்மாவுக்கும் எழுபது. மூட்டு வலி, சர்க்கரை. ஒரே கேள்விக்கு நாளெல்லாம் பதில் சொல்லி, இரவெல்லாம் கதவுச் சத்தத்துக்கு எழுந்து, முதலில் படுக்கையில் விழுவது அவராக இருக்கும். ஆள் போடுவது அப்பாவுக்காக என்று நினைக்காதீர்கள். அம்மா ராத்திரி தூங்குவதற்காக.

எப்போது இதுவே சரி: அவர் தானாகச் சாப்பிடுகிறார், இரவில் பெரும்பாலும் தூங்குகிறார், உள்ளூரில் ஒரு மகளோ தம்பி மகனோ வாரத்தில் சில முறை வந்து பார்க்க முடிகிறது. அந்த உள்ளூர் ஆள் இல்லையென்றால் ஏஜென்சியை மட்டும் நம்பி சென்னையிலிருந்து கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பது சரிப்படாது.

## பிள்ளை வீட்டில், சென்னை அல்லது பெங்களூர்

ஊர் மெச்சும் வழி. "பையன் கூட்டிட்டுப் போயிட்டான்" என்று சொல்லிக்கொள்ளலாம். மருத்துவமும் பக்கம், பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனை, சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு மாதிரி இதையும் கவனிக்கும் இடங்கள் உண்டு.

ஆனால் மூன்றாம் கேள்வியில் சறுக்கும். மகனும் மருமகளும் வேலைக்கு, பேரப்பிள்ளைகள் பள்ளிக்கு. எட்டாவது மாடியில் ஒரே மாதிரி கதவுகள். லிஃப்டில் எந்தப் பொத்தான் என்று தெரியாது. பெங்களூர் என்றால் கீழே செக்யூரிட்டி பேசும் மொழியும் புரியாது. சேலத்தில் போட வேண்டிய அதே ஆளை இங்கேயும் போட்டாக வேண்டும்; பெரிய நகரத்துக் கூலியில். பல வீடுகளில் மருமகள் வேலையை விடுகிறார். அவருடைய சம்பளத்தையும், நின்றுபோகும் அவருடைய பி.எஃப். சேமிப்பையும் யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை. எழுதிப் பாருங்கள், இல்லத்தைவிட இதுதான் விலை கூடிய வழியாகவும் இருக்கலாம்.

சாயங்காலமானால் "வீட்டுக்குப் போகணும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். பொழுது சாயும்போது குழப்பம் கூடுவது இந்த நோயில் சகஜம். புது இடத்தில் இன்னும் கூடும். "இதுதாம்ப்பா வீடு" என்று வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை. ஒரு டம்ளர் காபி கொடுத்து, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று சொன்னால் பாதி நாள் வேலை நடக்கும்.

இதிலும் மோசம், முறை வைத்துப் பார்ப்பது. மூத்தவன் வீட்டில் இரண்டு மாதம், இளையவன் வீட்டில் இரண்டு மாதம், மகள் வீட்டில் இரண்டு மாதம். பிள்ளைகளுக்குள் நியாயமான பங்கீடு, சரி. அப்பாவுக்கோ ஒரு கழிவறை பழகும் நேரத்தில் அடுத்த கழிவறை. இதை மட்டும் செய்யாதீர்கள். ஒருவர் வைத்துக்கொள்ளட்டும், மற்றவர்கள் பணமாகவும், விடுமுறையில் வந்து தங்கியும் ஈடுகட்டட்டும்.

எப்போது இது சரி: அம்மா காலமாகிவிட்டார், பகலில் வீட்டில் நம்மவர் ஒருவர் நிச்சயம் இருக்கிறார், அப்பாவுக்கு நோய் ஆரம்ப நிலையில்தான் இருக்கிறது. போவதானால் சீக்கிரம் போக வேண்டும். புது வழியைக் கற்கும் சக்தி மிச்சமிருக்கும்போதே போனால், மெதுவாகவாவது அந்த வீடு அவருடையதாகும்.

## ஏற்காடு

நாலில் அழகான வழி இதுதான். பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் கடைசியாக வைப்பதும் இதைத்தான்.

காரணங்கள் புரிகின்றன. சேலத்து மே மாத வெயிலில் வயதானவர் படும் பாடு கொஞ்சமில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், காப்பித் தோட்டம், மிளகுக் கொடி, புகையில்லாத காற்று. காற்று மாசும் மறதி நோய்க்கான காரணங்களில் ஒன்று என்று முன்னே சொன்ன லான்செட் அறிக்கையில் இருக்கிறது, எனவே அந்த எண்ணம் வெறும் கற்பனையும் இல்லை. ஆனால் அதே பட்டியலில் தனிமையும் இருக்கிறது. நல்ல காற்று ஏற்கனவே அரித்த இடத்தை மீட்டுத் தராது. பேச ஆளில்லாத வீடு இருப்பதையும் வேகமாகக் கொண்டுபோகும். சனி ஞாயிறு பிள்ளைகள் வருவார்கள், திங்கட்கிழமை யார்?

மற்ற கேள்விகளைப் பார்ப்போம். சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர்தான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகள். பக்கவாதம் என்றால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குள் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். கோடை விழா சமயத்திலும் விடுமுறை நாட்களிலும் மலைப்பாதையில் வண்டிகள் எப்படி நிற்கும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடுவதும் உண்டு. குப்பனூர் வழி இருக்கிறது, சுற்று. நல்ல நர்ஸ் மலையேறி வந்து தங்கச் சம்மதிப்பது அரிது.

வழி தப்புவதையும் யோசியுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் தப்பினால் ஆள் கண்ணில் படுவார். எஸ்டேட்டுக்குள் தப்பினால்? பனி இறங்கிவிட்டால் பத்தடி தூரம் தெரியாது. காட்டெருமை நடமாட்டமும் இருக்கிறது. இரவுக் குளிரில் சட்டையோடு வெளியே போன எழுபத்தைந்து வயதுக்காரரைக் காலையில் தேடுவதை நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது.

இரண்டு பேருக்கு மட்டும் விலக்கு. வாழ்நாளெல்லாம் ஏற்காட்டிலேயே எஸ்டேட் வேலையிலோ கடை வைத்தோ இருந்தவர். அவருக்கு அதுதான் பழைய வீடு. ஒண்டிக்கடை சந்திப்பில் நின்றால் நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவரைக் கீழே இறக்காதீர்கள். இன்னொருவர், அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அம்மா. அப்பாவைச் சேலத்தில் மகளிடம் விட்டுவிட்டு அம்மா மட்டும் ஒரு வாரம் மேலே போய்த் தூங்கிவிட்டு வரட்டும். சும்மா கிடக்கும் அந்த வீட்டுக்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியவில்லை.

## இல்லம்

முதலில் ஒரு தெளிவு. சாதாரண முதியோர் இல்லம் வேறு, மறதி நோயாளிகளுக்கென்று நடத்தும் இல்லம் வேறு. முதல் வகையில் "தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவர்" என்று விதி இருக்கும். சேர்க்கும்போது மறதியை மறைத்துச் சேர்த்தால், இரவில் அடுத்த அறைக்குள் நுழைந்த மறுநாள் "வந்து கூட்டிப் போங்க" என்று போன் வரும். இரண்டாவது வகை தமிழ்நாட்டில் குறைவு, பெரும்பாலும் சென்னை, கோவைப் பக்கம். அப்படியென்றால் சேலத்திலிருந்து போய்ப் பார்க்கும் பயணச் செலவும் சேர்ந்துகொள்ளும்.

நேரில் போய்க் கேட்க வேண்டியவை: இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர்? அவர்கள் விழித்திருப்பார்களா? தொந்தரவு செய்தால் தூக்க மருந்து கொடுப்பீர்களா, யார் சொல்லி? சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா? ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட இருப்பது யார்? டயப்பர், மருந்து, பிசியோதெரபி மாதக் கட்டணத்தில் அடங்குமா? படுத்த படுக்கையானாலும் வைத்துக்கொள்வீர்களா? முன்பணம் எப்போது, எவ்வளவு திரும்பும்? கடைசி இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். உள்ளே நுழைந்ததும் மூத்திர வாடை அடித்தால், டிவி முன்னால் எல்லோரும் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தால், பிரசுரத்தில் என்ன படம் போட்டிருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

இது எப்போது நல்ல வழி என்று நேராகவே சொல்கிறேன். இரவு முழுக்க விழித்திருந்து நடக்கிறார். அடிக்கிறார், அல்லது சந்தேகத்தில் அம்மாவையே அடையாளம் தெரியாமல் விரட்டுகிறார். தூக்கிக் குளிப்பாட்ட இரண்டு பேர் வேண்டும், வீட்டில் ஒருவர்தான். பார்த்துக்கொள்பவருக்கே நெஞ்சு வலி வந்துவிட்டது. இந்த நிலையில் வீடு பழக்கம் என்ற வாதம் வலுவிழந்துவிடுகிறது, ஏனென்றால் சொந்த வீட்டில் உட்கார்ந்தே அவர் "வீட்டுக்குப் போகணும்" என்கிறார். இரவுப் பணிக்கு விழித்திருக்கும் ஆள் உள்ள இடம் அவருக்கும் பாதுகாப்பு. ஊர் பேசும். பேசுகிறவர்களில் ஒருவரை ஓர் இரவு வந்து தங்கச் சொல்லிப் பாருங்கள்.

## எந்த வழியானாலும் முதலில் முடிக்க வேண்டிய காகிதங்கள்

"பவர் எழுதி வாங்கிட்டோம், கவலையில்லை" என்று பலர் நினைக்கிறார்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்தப் பவர் முடிந்துவிடும். மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது செல்லாது. அதற்குப் பிறகு வீட்டை விற்றுத்தான் வைத்தியம் என்றால், காப்பாளராக நியமிக்கக் கோரி நீதிமன்றத்துக்குப் போக வேண்டிவரும்.

ஆகவே ஆரம்ப நிலையிலேயே, அவர் முழுச் சம்மதத்தோடு: வங்கிக் கணக்கில் அம்மா பெயரையும் சேர்த்து இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி மாற்றுவது, நாமினிகளைச் சரிபார்ப்பது, உயில் எழுதுவதானால் அன்றைய தேதியில் தெளிவாக இருக்கிறார் என்ற டாக்டர் சான்றோடு எழுதுவது, பென்ஷனுக்கு வருடா வருடம் கொடுக்கும் உயிர்வாழ் சான்றை யார் கவனிப்பது என்று முடிவு செய்வது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தனக்காகப் பேச ஒரு பிரதிநிதியை அவரே எழுதி நியமிக்கலாம். அவரிடமே "உங்களுக்கு எங்கே இருக்கணும்ப்பா?" என்று கேட்பதும் இந்தக் கட்டத்தில்தான். பல வீடுகளில் எல்லோரும் பேசி முடித்துவிடுகிறார்கள், அவரைத் தவிர.

## மாற்றத்தான் வேண்டுமென்றால்

புதுக் கட்டில் வாங்காதீர்கள். அவருடைய பழைய கட்டில், தலையணை, தைலப் புட்டி, சாமி படம், சுவர்க் கடிகாரம் போகட்டும். கட்டிலிலிருந்து கழிவறை எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் வருமாறு போடுங்கள். கழிவறைக் கதவை மட்டும் வேறு நிறத்தில் அடித்து, உள்ளே இரவெல்லாம் விளக்கு எரியட்டும். காலையில் கிளம்பி வெளிச்சத்திலேயே போய்ச் சேருங்கள். முதல் இரண்டு வாரம் அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் அதே அறையில் படுக்க வேண்டும். சேலம் வீட்டை உடனே வாடகைக்கு விடாமல் சில மாதம் பூட்டி வையுங்கள். புது இடம் ஒத்துவராமல் திரும்ப வேண்டியிருந்தால், கட்டிலை எடுத்த இடத்திலேயே போட முடிய வேண்டும்.